சுவருக்குப் பின்னால் ஒரு திடல்

1946 பிப்ரவரி. உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பிரிட்டனில் வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் இன்னும் பங்கீடுதான். வடஇங்கிலாந்தின் யார்க்‌ஷியரில், வேக்ஃபீல்டு நகரிலிருந்து சில மைல் தள்ளி, ஷார்ல்ஸ்டன் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். அந்தக் கிராமத்துக் குழுவான ஷார்ல்ஸ்டன் ரோவர்ஸ், ரக்பி லீக் சவால் கிண்ணத்தின் முதல் சுற்றில் ஒர்க்கிங்டன் டவுன் என்ற தொழில்முறைக் குழுவைச் சந்தித்தது. ஒரு பக்கம் ஆடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். இன்னொரு பக்கம் ஒரு காசும் வாங்காமல் ஆடும் கிராமத்து ஆட்கள்.

கிராமம் 12-7 என்று வென்றது.

அந்த ஆண்டுகளில் முதல் சுற்று இரண்டு ஆட்டங்களாக நடந்தது. இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றியாளரை முடிவு செய்வார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒர்க்கிங்டன் ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். ஷார்ல்ஸ்டன் போட்டியிலிருந்து வெளியேறியது. ஆனாலும் அந்த 12-7 அழியவில்லை. அமெச்சூர் குழுக்கள் தொழில்முறைக் குழுக்களை வீழ்த்திய ஆட்டங்களின் பட்டியல் மிகச் சிறியது. அதில் ஷார்ல்ஸ்டன் பெயர் இன்றும் இருக்கிறது.

ஒரு குட்டி ஊரின் குழுவைப் பற்றி சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எதற்குப் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வார இறுதியில் அடுக்குமாடிக்குக் கீழே பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதை உங்களுக்கு அந்நியமாக இருக்காது. அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம்.

நம்மில் பலருக்கு ரக்பி என்றால் தேசிய விளையாட்டரங்கில் நடக்கும் ‘செவன்ஸ்’தான் நினைவுக்கு வரும். அது ரக்பி யூனியன் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் சொல்லப்போவது ரக்பி லீக். அண்ணன் தம்பியைப் போலத்தான், ஆனால் சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி. யூனியனில் பக்கத்துக்கு 15 பேர், லீக்கில் 13 பேர். லீக்கில் பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தினால் அவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னே தள்ளி, ஆட்டத்தைத் தொடர்வார். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். குவியலாக ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கும் காட்சி குறைவு. ஓட்டமும் மோதலும் அதிகம்.

இனி அந்தச் சொத்துத் தகராறு. அதில் பிரச்சினை ஆறு ஷில்லிங்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கத்திக் குழுக்களில் சுரங்கத்திலும் ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள் ஆடினார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை பாதி நாள் வேலை. வெளியூரில் ஆட்டம் என்றால் காலை வேலையை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். அந்த நாள் கூலி போய்விடும். தெற்கே ஆடியவர்களோ பெரும்பாலும் உயர்தரப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்த வசதியானவர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டத்தால் நஷ்டம் எதுவும் இல்லை. ‘ஆட்டத்துக்குச் சம்பளம் வேண்டாம், ஆட வந்ததால் இழந்த கூலியை மட்டும் ஈடுகட்டுங்கள்’ என்று யார்க்‌ஷியர் பிரதிநிதிகள் கேட்டார்கள். 1893ல் லண்டனில் கூடிய ரக்பி சங்கம் அந்தத் தீர்மானத்தை 282-136 என்ற வாக்கில் தோற்கடித்தது. விளையாட்டுக்குப் பணம் வாங்குவது அசிங்கம் என்பது அவர்கள் வாதம். பணம் உள்ளவர்கள் இப்படிச் சொல்வது எப்போதும் சுலபம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் குழுக்கள் கூடி, தனியே பிரிந்தன. ‘வடக்கு யூனியன்’ பிறந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து ஆடுகிறவருக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈட்டுத்தொகை தரலாம் என்று விதி வகுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்து, பிறகு மனம் மாறி, பிரியாமல் பழைய சங்கத்திலேயே தங்கிவிட்ட குழு ஒன்று உண்டு: டியூஸ்பரி. மூன்று ஆண்டுகள் யோசித்துவிட்டு 1898ல்தான் அது வடக்கு யூனியனில் சேர்ந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1898ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே தரலாம் என்று அனுமதி வந்தது. கூடவே ஒரு விசித்திரமான நிபந்தனை: ஆடுகிறவருக்கு வேறு ஒரு முறையான வேலை இருக்க வேண்டும். மதுக்கடைப் பரிமாறுநர், பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி குறிப்பவர், பந்தயச் சூதாட்ட எடுபிடி போன்ற வேலைகள் ‘முறையான வேலை’ ஆகாது! சுரங்கத்தில் இறங்குவது முறையான வேலைதான். அதனால் சுரங்கக் கிராமங்களுக்குக் கவலையில்லை. பிறகு 1906ல் 15 பேரை 13 ஆக்கினார்கள், விதிகளை மாற்றினார்கள். 1922ல் பெயரையும் ‘ரக்பி லீக்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்குள் இரண்டும் வேறு வேறு விளையாட்டுகளாகிவிட்டன.

பழைய சங்கம் சும்மா இருக்கவில்லை. லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவருக்கும் யூனியனில் கதவை மூடியது. பணம் வாங்கினாரா இல்லையா என்பதுகூடப் பொருட்டில்லை. அதனால் யூனியன் ஆட்டக்காரர் ஒருவர் லீக் குழுவில் சோதனைக்காக ஆடிப் பார்க்க விரும்பினால், ஆட்டப் பட்டியலில் அவருடைய உண்மைப் பெயர் வராது. ‘இன்னொருவர்’, ‘வேறொருவர்’ என்ற பொருள்படும் பொய்ப் பெயர்களில் ஆடிவிட்டுப் போவார்கள். அமெச்சூர் லீக் ஆட்டக்காரர்களும் யூனியன் ஆட்டக்காரர்களும் தடையின்றி அங்கும் இங்கும் ஆடலாம் என்று சம்மதம் கிடைக்க 1987 ஆக வேண்டியிருந்தது. ஒரு காசும் வாங்காத கிராமத்து ஆட்டக்காரரையும் ஏறக்குறைய 90 ஆண்டுகள் தீண்டாமல் வைத்திருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஷார்ல்ஸ்டனுக்குத் திரும்புவோம்.

அந்தக் கிராமத்தை நிலக்கரிதான் வளர்த்தது. சுரங்கம் வந்தபின், ஆட்கள் தங்குவதற்காகவே வீடுகள் கட்டப்பட்ட பகுதி ‘புது ஷார்ல்ஸ்டன்’ ஆயிற்று. ஒரே முதலாளி, ஒரே வேலை, ஒரே திடல். சுரங்க ஊர்களில் ரக்பி எப்படி வேரூன்றியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பூமிக்கடியில் பக்கத்தில் நிற்பவரை நம்பித்தான் உயிர். மேலே வந்தால் அதே ஆட்களோடு ஒரு பந்து. ‘முன்வரிசை ஆட்டக்காரர் வேண்டுமா? பக்கத்துச் சுரங்கக் குழியில் குனிந்து ஒரு விசில் அடி, ஏறி வருவார்’ என்று அந்த வட்டாரத்தில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு.

திடல்களுக்கு வேறொரு வழியில் பணம் வந்தது. 1920ல் பிரிட்டனில் வந்த சுரங்கத் தொழில் சட்டத்தின்படி, தோண்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்குப் போனது. அந்தப் பென்னிகளில்தான் சுரங்க ஊர்களில் மன்றங்கள், குளியலறைகள், விளையாட்டுத் திடல்கள் எல்லாம் எழுந்தன. நம்மூர்ச் சமூக மன்றத்தைப்போல என்று சொல்லலாம். ஆனால் செங்கல்லுக்குச் செங்கல் அந்த ஊர்க்காரர்களே தோண்டியெடுத்த கரியில் வந்த காசு என்பதால், அவர்களுக்கு அதன்மீது இருந்த உரிமையுணர்வே வேறு.

ஷார்ல்ஸ்டன் ரோவர்ஸ் ஆடிய திடலை ஊரார் ‘பேக் ஓ டி வால்’ என்றார்கள். யார்க்‌ஷியர்க்காரர்கள் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசுவார்கள். முழுசாகச் சொன்னால் ‘சுவருக்குப் பின்னால்’. அவ்வளவுதான் பெயர். எந்தப் புரவலர் பெயரும் இல்லை, எந்தப் பிரபுவின் பெயரும் இல்லை. ‘எங்கே போகிறாய்?’ என்று வீட்டில் கேட்டால் ‘சுவருக்குப் பின்னால்’ என்று பதில் சொல்லிவிட்டுப் போகும் பையன்களை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படிப் போன பையன்களில் முதலில் உலகுக்குத் தெரிந்தவர் ஜாண்டி பார்கின்.

1894ல் ஷார்ல்ஸ்டனில் பிறந்தவர். ஸ்க்ரம் ஹாஃப் என்ற இடத்தில் ஆடுவார். குழுவின் மூளை இருக்கும் இடம் அது. 1913ல் ரோவர்ஸிலிருந்து வேக்ஃபீல்டு டிரினிட்டிக்குப் போனார். பிரிட்டன் குழுவோடு 1920, 1924, 1928 என்று மூன்று முறை ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணம் போனார். மூன்று பயணம் போன முதல் ஆட்டக்காரர் அவர்தான். கடைசி இரண்டு பயணங்களுக்கும் அவரே தலைவர். அந்த இரண்டிலும் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று திரும்பினார்கள். கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டிய காலம் அது.

ஆனால் பார்கினைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறு. 1930ல் 17 ஆண்டு உழைத்த வேக்ஃபீல்டு குழு, அவரை விற்பனைப் பட்டியலில் போட்டது. விலை 100 பவுண்டு. வேறு குழு ஏதாவது அந்தத் தொகையைக் கொடுத்து அவரை வாங்க வேண்டும்; அதுதான் வழக்கம். பார்கின் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தன் பையிலிருந்து 100 பவுண்டை எடுத்துக் கட்டி, தன்னைத் தானே வாங்கிக்கொண்டார்! பிறகு ‘ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ்’ குழுவோடு தானே பேரம் பேசிச் சேர்ந்துகொண்டார். நிர்வாகிகள் பதறிப்போய், இனிமேல் எந்த ஆட்டக்காரரும் இப்படிச் செய்யக்கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். ஒரு மனிதன் தன்னை வாங்கிக்கொள்வது ஆபத்தான முன்னுதாரணம் என்று நினைத்திருப்பார்கள் போலும். 1988ல் பிரிட்டன் ரக்பி லீக் புகழ்மண்டபம் தொடங்கியபோது, முதல் தொகுதியில் நுழைந்த ஒருசிலரில் பார்கினும் ஒருவர்.

அடுத்து ஃபாக்ஸ் குடும்பம். தந்தை டாமி, பக்கத்து ஊரான ஃபெதர்ஸ்டனின் தொழில்முறைக் குழுவுக்கு ஆடியவர். மகன்கள் பீட்டர், டான், நீல். மூவரும் ஷார்ல்ஸ்டனில் பந்தைத் தொட்டு வளர்ந்தவர்கள்.

கடைக்குட்டி நீல் 1939ல் பிறந்தார். 1956ல் வேக்ஃபீல்டு டிரினிட்டிக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 16. ஓய்வு பெற்றது 1979ல். அதற்குள் அவர் எடுத்த புள்ளிகள் 6,220. உலகத்தில் ரக்பி லீக் ஆடிய வேறு எவரும் இதை எட்டியதில்லை. 1960ல் வெம்பிளியில் நடந்த சவால் கிண்ண இறுதியாட்டத்தில், ஹல் குழுவுக்கு எதிராக வேக்ஃபீல்டு எடுத்த 38 புள்ளிகளில் 20 அவருடையவை. மூத்தவர் பீட்டர் ஆட்டக்காரராகச் சாதாரணம், பயிற்றுவிப்பாளராக அசாதாரணம். 1973ல் ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸுக்கு சவால் கிண்ணம் வாங்கித் தந்தார். பிறகு பிராட்ஃபோர்டு நார்தர்ன் குழுவை அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் லீக் வெற்றியாளராக்கினார். பிரிட்டன் குழுவுக்கே பயிற்சியளித்தார்.

நடுவில் இருந்தவர் டான். அவரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டான் ஃபாக்ஸ் 1953 முதல் 1965 வரை ஃபெதர்ஸ்டனுக்கு ஆடினார். ஸ்க்ரம் ஹாஃபாக இருந்துகொண்டே அந்தக் குழுவுக்காக 162 டிரை போட்டார். டிரை என்றால் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது. அக்காலத்தில் அதற்கு 3 புள்ளி. டிரைக்குப் பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் கூடுதலாக 2. பிறகு டானும் தம்பி இருந்த வேக்ஃபீல்டுக்கே வந்து சேர்ந்தார், முன்வரிசைக்கு மாறினார்.

1968 மே 11. வெம்பிளியில் சவால் கிண்ண இறுதியாட்டம். வேக்ஃபீல்டு டிரினிட்டியும் லீட்ஸும் மோதின. ஒரு வாரத்துக்கு முன்புதான் வேக்ஃபீல்டு லீக் பட்டத்தை வென்றிருந்தது. கிண்ணமும் கிடைத்தால் இரட்டை வெற்றி. 87,000க்கும் அதிகமானவர்கள் அரங்கில். வழக்கமாக வேக்ஃபீல்டுக்குப் பந்து உதைப்பவர் நீல். அவர் காயத்தால் ஆடவில்லை. பொறுப்பு அண்ணன் காலுக்கு வந்தது.

அன்று மழை கொட்டித் தீர்த்தது. திடலில் தண்ணீர் தேங்கி, ஆட்டக்காரர்கள் விழுந்தால் பல அடி தூரம் வழுக்கிக்கொண்டே போனார்கள். அந்த ஆட்டத்தை இன்றும் ‘தண்ணீர்த் தெறிப்பு இறுதியாட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். காணொளியைப் பார்த்தால், ரக்பிப் போட்டியா குளத்தில் நீச்சலா என்று சந்தேகம் வரும். அந்தச் சேற்றிலும் டான் அபாரமாக ஆடினார். இரண்டு முறை பந்தை உதைத்துப் புள்ளியும் எடுத்துக் கொடுத்தார்.

ஆட்டம் முடியச் சில நிமிடமே இருக்கையில் லீட்ஸ் 11-7 என்று முன்னால் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், ஆட்டத்தை மறுபடி தொடங்க டான் பந்தை உயரே அடிக்காமல் தரையோடு உதைத்தார். தண்ணீரில் வழுக்கிய பந்தை லீட்ஸ் ஆட்கள் கோட்டை விட்டார்கள். வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் அதைக் காலாலேயே தட்டிக்கொண்டு ஓடி, கம்பங்களுக்கு நடுவே விழுந்து பதித்தார். 11-10.

இப்போது டான் ஃபாக்ஸ் உதைக்க வேண்டும். கம்பங்களுக்கு நேர் எதிரே. பள்ளிக்கூடப் பையனும் உதைத்துவிடக்கூடிய தூரம். அது உள்ளே போனால் 12-11, கிண்ணம் வேக்ஃபீல்டுக்கு. வேறு ஆட்டம் இல்லை, நேரமும் இல்லை. அவர் பந்தை வைத்தார், பின்னே நடந்தார், ஓடி வந்து உதைத்தார். பந்து அவர் காலில் சரியாகப் படாமல் விலகி, கம்பத்துக்கு வெளியே போனது.

டான் அந்த ஈரத் தரையிலேயே சாய்ந்துவிட்டார். தொலைக்காட்சியில் வருணனை செய்துகொண்டிருந்த எடி வேரிங் ‘பாவம் பையன்’ என்றார். டானுக்கு அப்போது 32 வயது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் விருதுக்குப் பத்திரிகையாளர்கள் அந்த உதைக்கு முன்பே வாக்களித்து முடித்திருந்தார்கள். வென்றவர் டான் ஃபாக்ஸ். தோல்விக்குக் காரணமானவர் என்ற பெயரும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஒரே மனிதருக்கு, ஒரே பிற்பகலில். 2008ல் அவர் மறைந்தபோது வந்த இரங்கல் குறிப்புகளும் அந்த உதையைத்தான் முன்னே வைத்தன. 162 டிரைகள் பின்னால் எங்கோ ஒரு வரியில் நின்றன. ஊடகங்களில் இருக்கும் நாங்கள் அப்படித்தான்.

ஒரு சின்னக் கிராமத்துத் திடலிலிருந்து ஒரு நாட்டின் தலைவரும், உலகச் சாதனையாளரும், நாட்டின் பயிற்றுவிப்பாளரும், விளையாட்டு வரலாற்றிலேயே ஆகப் புகழ்பெற்ற தவறிய உதையும் வந்திருக்கின்றன. சரி, இதனால் அந்தத் திடலுக்கு என்ன கிடைத்தது?

பெரிதாக ஒன்றுமில்லை. தொழில்முறைக் குழுக்கள் நல்ல பையன்களைப் பொறுக்கி எடுப்பது அன்றும் இன்றும் வழக்கம். கையெழுத்துப் போடும் பையனுக்கு ஒரு தொகை கிடைக்கும்; தொழிலாளர் வீட்டில் அது பெரிய பணம். அடுத்த சனிக்கிழமை கிராமத்துக் குழுவில் ஓர் இடம் காலியாகும். அங்கே இன்னொரு பையனைத் தயார்படுத்த வேண்டும். அவன் தேறியதும் அவனும் போவான். நாற்று விட்டு நட்டு, விளைந்ததைப் பக்கத்து வயல்காரர் அறுத்துக்கொண்டு போவதுபோல. ஆனாலும் ஆண்டுதோறும் விதைக்கிறார்கள்.

விதைக்கிறவர்கள் யார்? அவர்களின் பெயர் எந்தப் புகழ்மண்டபத்திலும் இல்லை. சேறு அப்பிய சட்டைகளை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தவர்கள். விடியற்காலையில் கோடு போட்டவர்கள். தேநீர் போட்டவர்கள், கதவருகே நின்று சில்லறை வசூலித்தவர்கள், இரவு வேலை முடித்துவிட்டு வந்து பத்து வயதுப் பையன்களுக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். நம்மூரில் அவர்களைத் தொண்டூழியர் என்கிறோம். இந்த விளையாட்டு பிறந்ததே ‘எங்கள் நேரத்துக்குக் கூலி கொடு’ என்ற சண்டையில். அதை நூறு ஆண்டுகளாக உயிரோடு வைத்திருப்பவர்களோ தங்கள் நேரத்துக்கு ஒரு பென்னிகூடக் கேட்காதவர்கள். இந்த முரண்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்காததால் யாரும் கணக்கு வைக்கவில்லை என்பதும் உண்மை. வேலை, படிப்பு, பிள்ளைகளின் துணைப்பாடம் என்று ஓடிக்கொண்டிருக்கும் நம் வீடுகளில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

1970களின் தொடக்கத்தில் அந்தக் கணக்கு வைக்காத நிலை எல்லை தாண்டிப் போய்விட்டது. தொழில்முறை நிர்வாகம் தன் குழுக்களின் கவலையிலேயே மூழ்கியிருக்க, கிராமத்துக் குழுக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. 1973ல் மீண்டும் அதே ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் சிலர் கூடி, அமெச்சூர் குழுக்களுக்கென்றே தனியாக ஒரு சங்கம் அமைத்தார்கள். ‘பார்லா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிரிவினையில் பிறந்த விளையாட்டுக்குள் மறுபடியும் ஒரு பிரிவினை! தொழில்முறை நிர்வாகத்துக்கு முதலில் கசந்தது. பிறகு ஏற்றுக்கொண்டது. இளையர் குழுக்கள், வட்டாரப் போட்டிகள் என்று திரும்பவும் உயிர் வந்தது. 1986ல் அமெச்சூர் குழுக்களுக்கு நாடு தழுவிய லீக்கும் தொடங்கியது.

கிராமத்துக்கு உண்மையான அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1984 மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. யார்க்‌ஷியர் அதன் இதயம். சம்பளம் இல்லாத ஒரு முழு ஆண்டு. பொதுச் சமையலறைகளில் சாப்பிட்ட குடும்பங்கள், கரித்தூள் மேட்டில் அடுப்புக்குக் கரி பொறுக்கிய பிள்ளைகள். 1985 மார்ச்சில் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஷார்ல்ஸ்டன் சுரங்கம் 1993ல் மூடியது. 2015 டிசம்பரில் அதே யார்க்‌ஷியரின் கெல்லிங்லி சுரங்கம் மூடியதோடு பிரிட்டனில் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழிலே முடிந்தது.

சுரங்கம் மூடினால் ஒரு ரக்பி குழுவுக்கு என்னென்ன போகும் என்று பட்டியல் போட்டால் திகைத்துப்போவீர்கள். ஒரே நேரத்தில் வேலை முடிந்து ஒன்றாகப் பயிற்சிக்கு வரும் ஆட்கள் போவார்கள். டன்னுக்கு இத்தனை என்று நலமன்றத்துக்கு வந்த பணத்தின் ஊற்று வற்றும். வேலை தேடி இளையர்கள் ஊரைவிட்டுப் போவார்கள். இருப்பவர்களும் ஒருவர் கிடங்கில், ஒருவர் லாரியில், ஒருவர் லீட்ஸ் நகர அலுவலகத்தில் என்று வேறு வேறு நேரத்தில் வேலை செய்வார்கள். அப்பாவும் மகனும் ஒரே குழியில் இறங்கி, ஒரே சட்டையைப் போட்டு ஆடிய சங்கிலி அறும். எஸ்டேட் மூடப்பட்டபின் அந்த எஸ்டேட்டின் காற்பந்துக் குழு என்ன ஆனது என்று மலேசியாவில் உறவினர் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பல சுரங்க ஊர்களில் குழுவும் போனது. ஷார்ல்ஸ்டனில் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் கிடையாது. பக்கத்தில் வேக்ஃபீல்டும் ஃபெதர்ஸ்டனும் இருப்பதால் ரக்பி ஆசை வற்றவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் கணிப்பு இன்னும் எளிமையானது. சுரங்கம் போனபின் ‘ஷார்ல்ஸ்டன்’ என்ற பெயரை ஊருக்கு வெளியே யாராவது உச்சரிக்க வேண்டும் என்றால் சனிக்கிழமை ஆட்ட முடிவுகளை விட்டால் வேறு இடமே இல்லை. அந்தப் பெயரைக் காப்பாற்ற ஒரு 13 பேரைத் திரட்டினால் போதும். ஒவ்வொரு வாரமும் 13 பேரைத் திரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எந்தக் குழுச் செயலாளரைக் கேட்டாலும் சொல்வார். அது வேறு விஷயம்.

2004ஆம் ஆண்டு சவால் கிண்ணப் போட்டி. ஷார்ல்ஸ்டன் ரோவர்ஸ் மறுபடியும் ஒரு தொழில்முறைக் குழுவை எதிர்கொண்டது. சுரங்கம் மூடி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1946 ஆட்டத்தை நேரில் பார்த்த பையன்கள் தாத்தாக்களாகியிருந்தார்கள். இந்தத் தடவை இரண்டாவது ஆட்டம் என்று ஒன்று இல்லை. ஒரே ஆட்டம், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

வீட்டுக்குப் போனது தொழில்முறைக் குழு. அதன் பெயர் டியூஸ்பரி.